402 என்று பதில் வந்தால் பணம் வாங்குவார்கள் என்று அர்த்தமா? நம் அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

காசிமேட்டில் மீன் எடுத்து ஓட்டல்களுக்கு அனுப்பும் நண்பருக்காக ஒரு ஏஐ ஏஜெண்ட் (இணையத்தில் தானாகவே தகவல் தேடி எடுக்கும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். விடியற்காலை ஏலத்துக்கு முன்பே காற்று, அலை உயரம், மற்ற ஊர் விலை எல்லாம் திரட்டிக் கொடுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மாதச் சந்தா கட்டினால் அவருக்குக் கட்டுப்படியாகாது. கேட்கும்போது மட்டும் காசு கொடுக்கலாம் என்றால் சரி. அதனால்தான் எக்ஸ்402 பக்கம் வந்தேன். கிரிப்டோ நிறுவனமான காயின்பேஸ் 2025 மே மாதம் வெளியிட்ட, இணையத்தில் கிரிப்டோவில் பணம் கட்டும் முறை இது. ஏஜெண்ட் ஒரு இணைய முகவரியில் தகவல் கேட்டால், அங்குள்ள சர்வர் 402 (‘பணம் தேவை’ என்ற குறியீடு) என்று பதில் சொல்லி, எவ்வளவு, எந்த நாணயம், யாருக்கு என்ற விவரத்தையும் தரும். ஏஜெண்ட் அந்தத் தொகைக்கு டிஜிட்டல் கையெழுத்திட்டு மறுபடி கேட்டால் தகவல் வரும். கணக்குத் திறக்கவோ கார்டு கொடுக்கவோ வேண்டாம்.

ஒரு முகவரி உண்மையிலேயே பணம் வாங்குமா என்று சோதிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. 402 என்ற எண் 1997லேயே எச்.டி.டி.பி (பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) விதிகளில் எதிர்காலத்துக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பலரும் அதைத் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். சந்தா முடிந்தவருக்கும், இலவச அளவைத் தாண்டியவருக்கும் 402 அனுப்பும் ஏபிஐகளை (நிரல்கள் தகவல் கேட்கும் இணையச் சேவைகளை) பார்த்தேன். இன்னொரு இடத்தில் 402 உடன், பிட்காயினில் உடனே கட்டும் லைட்னிங் முறையின் பில் வந்தது. அது எல்402, வேறு முறை. என் ஏஜெண்டிடம் இருப்பது பேஸ் என்ற கிரிப்டோ நெட்வொர்க்கில் யூ.எஸ்.டி.சி (டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம்), அங்கே அது செல்லாது.

என்னை அதிகம் அலையவிட்டவை வேறு. பதில் ஒழுங்காக இருக்கும், தொகை இருக்கும், பெறுபவர் முகவரி இருக்கும். நெட்வொர்க் என்ற இடத்தில் மட்டும் ‘பேஸ் செபோலியா’ என்று இருக்கும். அது சோதனை நெட்வொர்க், அங்கே ஓடுவது மதிப்பில்லாத காசு. யாரோ பழகிப் பார்க்கப் போட்டு அப்படியே விட்ட சர்வர்கள். இணையச் சேவைகளைத் தொகுத்துத் தரும் பட்டியல்களில் இவையும் ‘கிரிப்டோ ஏற்கும்’ என்றே இருக்கின்றன. உங்களுக்கு என்ன நடந்தது, எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

அண்ணா, எனக்கு நேர் எதிராக நடந்தது. பணம் வாங்கும் இடத்தையே என் சோதனை ‘வாங்காது’ என்று சொன்னது. நான் கெட் முறையில் (வெறுமனே தகவல் கேட்பது) கேட்டேன், அந்த முகவரி போஸ்ட் (உள்ளீட்டோடு அனுப்புவது) மட்டும்தான் ஏற்கும். அதனால் 405 (இந்த முறை செல்லாது) வந்தது. போஸ்டில், அவர்கள் கேட்கும் வடிவில் உள்ளீட்டையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் 402 வந்தது. சில சர்வர்கள் உள்ளீட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் பணத்தைப் பற்றியே பேசும், வெறும் கோரிக்கைக்கு 400 (கோரிக்கை தவறு) கொடுத்து முடித்துவிடும்.

அப்புறம், எக்ஸ்402 இரண்டாம் பதிப்பில் விவரமெல்லாம் ‘பேமெண்ட் ரெக்வயர்டு’ என்ற ஹெடருக்குள் (பதிலின் தலைப்பகுதி) பேஸ்64 என்ற குறியீட்டு எழுத்தாக வருகிறது. பதிலின் உடலில் ஜேசான் (விவரங்களை எழுதும் ஒரு வடிவம்) இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பழைய சோதனைக் கருவிக்கு அது கண்ணில் படாது. இரண்டையும் பாருங்கள். நெட்வொர்க் பெயர் எழுதும் விதமும் மாறியிருக்கிறது: முன்பு ‘பேஸ்’ என்று இருந்த இடத்தில் இப்போது 8453 என்ற செயின் எண் (நெட்வொர்க்கின் அடையாள எண்) வருகிறது. 84532 என்றால் அது நீங்கள் சொன்ன செபோலியா. ஒரு 2தான் வித்தியாசம், முழு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

ராயபுரத்திலிருந்து:

தொகையைப் படிக்கும்போது கவனம். யூ.எஸ்.டி.சிக்கு ஆறு தசம இடம், சர்வர் தொகையை அதன் மிகச் சிறிய அலகில்தான் கேட்கும். 10000 என்று கேட்டால் அது ஒரு சென்ட். 1000000 என்றால் ஒரு டாலர். இதை நிரலில் எழுதிவிட்டு, ஒரு கோரிக்கைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பும் போட்டுவிட வேண்டும். சர்வர் கேட்கிற தொகைக்கெல்லாம் ஏஜெண்ட் கையெழுத்துப் போடக் கூடாது. பணம் போய்ச் சேர்ந்த பிறகு திருப்பி வாங்க வங்கிபோல ஒரு வழி கிடையாது. நான் தனி வாலெட் (கிரிப்டோ பணப்பை) வைத்து, அன்றைய செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போடுகிறேன்.

இன்னொன்று தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாத அந்த நாட்களில் கடல் தகவலுக்கு ஏஜெண்ட் தினமும் காசு கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். எந்த மாதம் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள்.

தங்கசாலையிலிருந்து:

கணக்கு எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரலிலிருந்தும், ஒரு சதவீத டி.டி.எஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) அதே வருடம் ஜூலையிலிருந்தும் இருக்கிறது. யூ.எஸ்.டி.சி கொடுத்துச் சேவை வாங்குவதையும் வரித் துறை கைமாற்றமாகப் பார்க்கும். ஏஜெண்ட் கட்டும் ஒவ்வொரு சிறு தொகைக்கும் தேதி, பரிவர்த்தனை எண், அன்றைய ரூபாய் மதிப்பு மூன்றும் ஒரு ஃபைலில் தானாக விழும்படி செய்யுங்கள். வருடக் கடைசியில் உட்கார்ந்து தேடினால் கிடைக்காது. முதல் தொகை கட்டும் முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. போஸ்ட் சோதனை, ஹெடர், செயின் எண், உச்சவரம்பு நான்கையும் சேர்த்துவிட்டேன். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் மீன் கிடைக்கும் கடல் பகுதி அறிவிப்பைத் தமிழிலேயே இலவசமாகத் தருகிறது. ஏஜெண்ட் முதலில் அங்கே கேட்கும், அங்கே இல்லாததற்கு மட்டும் காசு கட்டும் இடத்துக்குப் போகும். தங்கசாலை அண்ணன் சொன்ன ஃபைல் வேலையை இந்த வாரம் செய்கிறேன்.