பைப் உடைந்து 12 நாள், சுவர் இன்னும் காயவில்லை

மாடி பாத்ரூம் சுவருக்குள் பைப் இணைப்பு விட்டு, இரவு முழுக்கத் தண்ணீர் கீழ் படுக்கையறைக்கு இறங்கியது. பைப்பை அன்றே மாற்றியாயிற்று. இரண்டு ஃபேனும், காற்றின் ஈரத்தை இழுத்துத் தன் தொட்டியில் சேர்க்கும் 20 லிட்டர் டீஹியூமிடிஃபையரும் இரவு பகலாக ஓடுகின்றன. முதல் வாரம் தினமும் தொட்டி நிரம்பியது, இப்போது கால்வாசிகூட இல்லை. சரி, காய்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

நேற்று கட்டிலை நகர்த்தினால், பின்னால் ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளம். விரல் வைத்தால் பூச்சு மாவாக உதிர்கிறது. ஓரத்தில் கரும்புள்ளிகள், நனைந்த சாக்கு வாடை வேறு. ப்ளீச் போட்டுத் துடைத்தும் வாடை போகவில்லை.

பார்க்க வந்த ஆள் ஈரமானிகூட வைக்காமல், "மொத்தப் பூச்சையும் உடைக்கணும்" என்கிறார். அதுதான் உறுத்துகிறது.

உடைக்கும் முன், சுவருக்குள் ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள என்ன சோதனை செய்யச் சொல்ல வேண்டும்?