பனி வெள்ளையா வராம சாம்பலா வருது, பேட்டரியும் பாதியில போயிடுது: குளிர்காலத்துல பக்கத்துலயே என்ன எடுக்கலாம்?

காலைநடை:
வணக்கம். போட்டோகிராபி கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. வெயில் காலத்துல ஓரளவு நல்லாவே வந்துச்சு, ஆனா குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து கேமராவ பையிலேர்ந்து எடுக்கறதே இல்ல. வேலைக்குக் கிளம்பறப்பவும் இருட்டு, திரும்பறப்பவும் இருட்டு, லீவு நாள்ல மட்டும்தான் வெளிச்சத்தையே பாக்கறேன். கைக்குழந்தை இருக்கறதால தூரமா எங்கயும் போக முடியாது. நடக்கற தூரத்துல ஒரு பார்க், அதுல ஒரு குட்டை, கொஞ்சம் மரம், அதுவும் இலையெல்லாம் கொட்டி மொட்டையா நிக்குது. போன வாரம் முதல் பனி விழுந்ததும் ஆசையா ஓடினேன், வந்து பாத்தா படத்துல பனி மொத்தமும் அழுக்குச் சாம்பல் கலர், அரை மணி நேரத்துல பேட்டரி தீந்துடுச்சு, வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே லென்ஸ் மேல ஆவி படிஞ்சு பயந்தே போயிட்டேன். நான் என்ன தப்பு பண்றேன்? அப்புறம் இந்தச் சின்ன பார்க்ல குளிர்காலம் பூரா எடுக்கற அளவுக்கு ஏதாவது இருக்கா?

ஷட்டர்மணி:
மூணுமே எல்லாருக்கும் நடக்கறதுதாங்க, கேமராவுல கோளாறு இல்ல. கேமராவுல வெளிச்சத்தை அளக்கற மீட்டருக்கு எதிர்ல இருக்கறது பனியா கரியான்னு தெரியாது, எதைக் காமிச்சாலும் நடுத்தரச் சாம்பலா நெனச்சுதான் கணக்குப் போடும், அதனால ஃப்ரேம் முழுக்க வெள்ளை இருந்தா வெளிச்சத்தைக் குறைச்சிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ல (கேமரா போட்ட வெளிச்சக் கணக்கை நாம கூட்டிக் குறைக்கற செட்டிங்) பிளஸ் 1லேர்ந்து பிளஸ் 2 வரைக்கும் ஏத்துங்க. ஏத்திட்டு ஹிஸ்டோகிராம் பாருங்க, அதாவது படத்துல இருட்டு இடது பக்கமும் வெளிச்சம் வலது பக்கமுமா காட்டற வரைபடம், அது வலது ஓரத்துல முட்டி நின்னா பனியோட நுணுக்கம் போயிடும், அப்போ கொஞ்சம் இறக்கிக்கோங்க. மொபைல்ல எடுத்தா பனி மேல தொட்டுட்டு விரலை மேல இழுத்தா போதும்.

பேட்டரி உண்மையில தீரல. லித்தியம் அயன் பேட்டரி குளிர்ல உள்ள நடக்கற வேதிவினை மந்தமாகி கரண்ட் தர முடியாம நின்னுடும். ரெண்டாவது பேட்டரிய சட்டையோட உள் பாக்கெட்ல உடம்பு சூட்டுல வெச்சிருந்து மாத்தி மாத்திப் போடுங்க, செத்துப் போச்சுன்னு நெனச்சது சூடானதும் மறுபடி வேலை செய்யும்.

ஆவி விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. வெளியிலயே கேமராவ ஜிப் வெச்ச பிளாஸ்டிக் பையில போட்டு நல்லா மூடிட்டு அப்புறம் வீட்டுக்குள்ள போங்க, ஈரம் பை மேல படியும், கேமரா மேல படியாது. ஒண்ணு ரெண்டு மணி நேரம் பையத் திறக்காதீங்க. படம் பாக்கணும்னு அவசரமா இருந்தா மெமரி கார்டை வெளியிலயே கழட்டி எடுத்துக்கோங்க.

ஒத்தையடிப்பாதை:
செட்டிங்ஸ் அவர் சொல்லிட்டாரு, நான் ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். அந்த "மொட்டை மரம்"ங்கறத கொஞ்சம் வேற மாதிரி பாருங்களேன். இலை இருக்கறப்போ மரத்தோட எலும்பு தெரியாது, இப்பதான் எந்தக் கிளை எப்படி முறுக்கிட்டுப் போகுதுன்னு தெரியும், போன வருஷத்துப் பறவைக் கூடு தெரியும், கிளையில உக்காந்திருக்கற பறவை மறைவில்லாம தெரியும். நான் ஒரே பார்க்குக்குத்தான் பல வருஷமா போறேன், குளிர்கால மாசங்கள்ல எடுத்ததுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான படங்கள்.

ராத்திரி வானம் தெளிவா இருந்து காத்தும் இல்லேன்னா விடியறதுக்கு முன்னாடி எழுந்துடுங்க. தரை சூட்டை இழந்து குளிர்ந்து போயிருக்கும், அதுலதான் மூடுபனி கட்டும், குட்டை ஓரத்துலயும் பள்ளத்துலயும் முதல்ல தேங்கும், வெயில் ஏறினா கொஞ்ச நேரத்துல கலைஞ்சிடும். இன்னும் குளிரா இருந்தா உறைபனி. காத்துல இருக்கற ஈரம் தண்ணியா மாறாமலேயே நேரா பனிக்கட்டியாப் படியும், அதுவும் காஞ்ச இலையோட ஓரத்துலயும் நரம்புலயும் ஊசி ஊசியா நிக்கும். சூரியனுக்கு எதிர்ப்பக்கமா மண்டி போட்டு கீழேர்ந்து எடுத்துப் பாருங்க, ஒரே ஒரு இலைக்கு அரை மணி நேரம் போதாது.

உங்களுக்கு நேரம் கம்மின்னு சொன்னீங்கல்ல, அதுக்கு குளிர்காலம்தான் தோது. வெயில் காலத்துல நல்ல வெளிச்சம் வேணும்னா தூக்கத்தக் கெடுத்துக்கணும், இப்போ சூரியன் லேட்டாதான் வருது, நடுப்பகல்லகூட தாழ்வாவே இருக்கறதால நிழல் நீளமா விழும். பனியில இருக்கற கால்தடம் இந்தச் சாய்ஞ்ச வெளிச்சத்துலதான் ஆழமாத் தெரியும். நிழல் நீலமா இருக்கேன்னு எடிட்டிங்ல அத மொத்தமா எடுத்துடாதீங்க, நேர் வெயில் படாத பனி மேல வானத்தோட வெளிச்சம் மட்டும்தான் படுது, அந்த நீலம் நெஜமானது.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், பறவைகளத் தொரத்தாதீங்க. குளிர்ல அதுங்க ஒடம்புச் சூட்டக் காப்பாத்தவே பாடுபடுதுங்க, ஒவ்வொரு தடவ பயந்து பறக்கறதும் அதுக்கு நஷ்டம். ஒரு எடத்துல அசையாம உக்காருங்க, அதுங்களே கிட்ட வரும்.

காலைநடை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்! பனி விழுந்துட்டே இருக்கறப்போ எடுக்கலாமா? குட்டை மேல மெல்லிசா ஐஸ் கட்டியிருக்கு, உள்ள குமிழ் குமிழா அழகா இருக்கு, கிட்ட போய் எடுக்க ஆசை.

வெண்துளி:
ஐஸ் மேல கால் வைக்கவே வைக்காதீங்க தயவுசெஞ்சு. கரையில தரையோட தரையா படுத்து எடுத்தாலே அந்தக் குமிழ் கிடைக்கும், இல்லேன்னா அந்தப் படமே வேணாம், வீட்டுல குழந்தை இருக்கு.

விழற பனிய தாராளமா எடுக்கலாம். ஷட்டர் வேகம் 1/500 செகண்ட் வெச்சா துளித்துளியா அந்தரத்துல நிக்கும், 1/30 வெச்சா கோடு கோடா இழுக்கும், ட்ரைபாட் வேணும். பின்னாடி இருட்டா ஒரு மரமோ சுவரோ இருந்தாதான் பனி எடுபடும். லென்ஸ் முன்னாடி மாட்டற மறைப்பு, லென்ஸ் ஹூட், போட்டுக்கோங்க, லென்ஸ் மேல விழுந்த பனிய வாயால ஊதாதீங்க, மூச்சுல இருக்கற ஈரம் அங்கேயே உறைஞ்சிடும்.

சின்னப் பொருளை ரொம்பக் கிட்டத்துல எடுக்கற மேக்ரோ லென்ஸ் இருந்தா ஒரு கறுப்புக் கம்பளித் துணிய வெளியில கொஞ்ச நேரம் குளிர வெச்சு, அதுல விழற பனிய எடுங்க. அமெரிக்காவுல வெர்மான்ட்ல வில்சன் பென்ட்லின்னு ஒரு விவசாயி, மைக்ராஸ்கோப்போட கேமராவ இணைச்சு 1885ல ஒரு ஒத்தைப் பனிப் படிகத்தப் படம் புடிச்சாரு, சாகற வரைக்கும் 5,000க்கும் மேல எடுத்துட்டாரு. எல்லாம் அவரோட சொந்தப் பண்ணையில விழுந்த பனிதான். உங்க பார்க் சின்னதான்னு நீங்க கேட்டப்போ எனக்கு அவர் ஞாபகம்தான் வந்துச்சு.

காலைநடை:
இன்னிக்குக் காலைல போயிட்டு வந்தேன். பிளஸ் 1.3 வெச்சேன், பனி பனியாவே வந்திருக்கு! ஒரு பெஞ்சுல இருபது நிமிஷம் அசையாம உக்காந்தேன், ஒரு குட்டிப் பறவை றெக்கையெல்லாம் உப்பிக்கிட்டு பந்து மாதிரி பக்கத்துக் கிளையில வந்து உக்காந்துச்சு. கேமரா இன்னும் பையிலதான் இருக்கு, மூணாவது தடவையா கடிகாரத்தப் பாக்கறேன், திறந்ததும் படத்தப் போடறேன்.