கிளாடு வழக்கில் தண்டனை குறைந்ததா, இல்லையா?

நிலா_ரொறன்ரோ

நேற்று வேறொரு திரியில் 'பழைய புரொக்டர்' ஐயா போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனது இது: "கனடாவில் பூர்வகுடி என்றால் கோட்டில் தள்ளுபடி உண்டு. கிளாடு என்ற பெண் கூட வாழ்ந்தவரைக் கொன்றார், உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. இந்தத் தள்ளுபடிக்கு மனு எழுதிப் பிழைக்கிறவர்கள்தான் கொள்கை வக்கீல்கள்."

அந்த மனு எழுதிப் பிழைக்கிறவர்களில் நானும் ஒருத்தி. சரி, கேட்கிறேன். 1999 ஏப்ரலில் வந்த தீர்ப்பை ஒருமுறையாவது வாசித்தீர்களா? விசாரணை நீதிமன்றம் மூன்று வருடம் கொடுத்தது. உச்ச நீதிமன்றத்திலும் அது மூன்று வருடமாகவே இருந்தது. தள்ளுபடியானது அவருடைய மேன்முறையீடு.

பழைய புரொக்டர்

பிள்ளை, கோபப்படாமல் கேளுங்கள். மூன்று வருடம் என்று காகிதத்தில் இருக்கலாம். உள்ளே இருந்தது எத்தனை மாதம்? ஆறு. ஆறு மாதத்தில் வெளியே வந்தால் அது குறைப்பு இல்லாமல் வேறென்ன? நான் யாழ்ப்பாணத்து மல்லாகம் கோட்டில் ஏறி இறங்கியவன். எனக்குத் தீர்ப்பு வாசிக்கத் தெரியும்.

குமரன்

கொள்கை வக்கீல் என்றால் என்ன வேலை என்று யாராவது முதலில் சொல்வீர்களா? அரசாங்க உத்தியோகமா, தொண்டு நிறுவனமா?

நிலா_ரொறன்ரோ

ஐயா, அது பகல் பரோல். தண்டனை முடியுமுன்பே நிபந்தனைகளோடு வெளியே விடுவது. தண்டனை அப்படியே ஓடும். மூன்று வருடத் தண்டனை பெற்ற எவரும் ஆறு மாதத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம். வெள்ளைக்காரர், தமிழர், எல்லாருக்கும் ஒரே கணக்கு. அவரை வெளியே விட்டது பரோல் சபை, உச்ச நீதிமன்றம் அல்ல. அதுவும் மின்னணுக் கண்காணிப்போடு.

நீதிமன்றம் செய்தது வேறு. குற்றவியல் சட்டம் 718.2(உ) 1996இல் வந்தது. சிறைக்குப் பதில் நியாயமான வேறு வழி இருந்தால் எல்லாக் குற்றவாளிகளுக்கும் அதை யோசி, பூர்வகுடிகளின் நிலைமையைக் கூடுதலாகக் கவனி என்கிறது. 'எல்லா' என்று சட்டத்திலேயே இருக்கிறது. கீழ் நீதிமன்றம், இவர் நகரத்தில் வாழ்கிறவர்தானே, இவருக்கு இது பொருந்தாது என்றது. அது பிழை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லிவிட்டும் தண்டனையைத் தொடவில்லை.

பழைய புரொக்டர்

ஏன் தொடவில்லை? ஆறு மாதத்தில் அவர் வெளியே வந்துவிட்டார், இனி மறுபடி விசாரித்து என்ன பயன் என்றுதானே? அதுவும் தீர்ப்பிலேயே இருக்கிறது. நீங்கள் பாதியை வாசிக்கிறீர்கள், நான் மீதியை வாசிக்கிறேன். ஆறு மாதம்.

செல்வி_மார்க்கம்

புரொக்டர் அண்ணைக்குக் கணக்கில் இவ்வளவு கவனம் என்று தெரியாமல் போய்விட்டது. போன பொங்கல் விழாக் கணக்கை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய புரொக்டர்

செல்வி, அது கமிட்டி விஷயம். இங்கே கொண்டுவர வேண்டாம்.

பிள்ளைக்கு இன்னொரு கணக்கு. கிளாடு தீர்ப்பு எழுதிய காலத்தில் சமஷ்டி (மத்திய அரசு) சிறைக் கைதிகளில் பூர்வகுடிகள் 12%. அதுவும் அந்தத் தீர்ப்பில் உள்ள எண்தான். 2022இல் 32%. பெண் கைதிகளில் பாதி. நாட்டின் மக்கள் தொகையிலோ அவர்கள் 5% மட்டும். அடுத்த பத்தாண்டுக்குள் இதை ஒழிக்க வேண்டும் என்று 2015இல், வதிவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு கேட்டது, நடவடிக்கைக்கான 94 அழைப்புகளில் 30ஆவது. பத்தாண்டு போய்விட்டது. இவ்வளவு மனு எழுதி என்ன கிழித்தீர்கள்?

நிலா_ரொறன்ரோ

இப்போது எந்தக் காலில் நிற்கிறீர்கள் ஐயா? தள்ளுபடி கிடைக்கிறது என்றீர்கள். இப்போது சிறை நிரம்பி வழிகிறது என்கிறீர்கள். தள்ளுபடி கிடைக்கிறவர்களால் எப்படிச் சிறை நிரம்பும்?

ஏன் கூடியது என்று நானே சொல்கிறேன். 2012இல் ஒரு சட்டம் வந்து, வீட்டிலேயே இருந்து தண்டனையைக் கழிக்கும் வழியைப் பல குற்றங்களுக்கு அடைத்தது. சிறைதான் என்று சட்டமே சொல்லிவிட்டால் கிளாடு அறிக்கையை வைத்து நீதிபதி என்ன செய்வார்? ஒருவருடைய குடும்பத்தில், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிக்குப் போனது யார், பிள்ளைகள் எங்கே எடுத்துக்கொண்டு போகப்பட்டார்கள், ஊரில் என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதுவது அந்த அறிக்கை. எழுத ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். மாகாணத்துக்கு மாகாணம் ஏற்பாடு மாறுகிறது. என் வேலையில் பாதி அந்தக் காசுக்கு அமைச்சு அமைச்சாக அலைவதுதான். மீதி, சட்டமூலத்தை வரி வரியாகப் பிரித்து, பாராளுமன்றக் குழுவுக்கு எழுதுவது. கட்டுக்கட்டாக எழுதினால் அரை வரி சட்டத்தில் ஏறும். அந்த அரை வரிக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஷர்மா வழக்கைப் பாருங்கள். 2012 சட்டத்தை எதிர்த்தது அது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று தோற்றது. அதே மாதம் பாராளுமன்றம் சீ-5 சட்டத்தால் அந்த வழியைப் பெரும்பாலும் திறந்துவிட்டது. கோட்டில் தோற்றதைச் சட்டமூலத்தில் வாங்கினோம்.

அகரம்

ஷர்மா எப்போது பூர்வகுடியானார்? வட இந்தியப் பிராமணப் பெயர் அல்லவா?

நிலா_ரொறன்ரோ

அவர் சோகீன் முதற்குடியைச் சேர்ந்த ஒஜிப்வே பெண். பெயரை வைத்துச் சாதி கண்டுபிடிக்கும் பழக்கத்தைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

அகரம்

நான் சென்னை. கேள்வி கேட்டது குற்றமா? இந்தத் தளத்தில் இந்தியத் தமிழன் வாயைத் திறந்தாலே இதுதான் நடக்கிறது.

செல்வி_மார்க்கம்

ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய புரொக்டர்

அந்த ஷர்மா நாட்டுக்குள் கொண்டுவந்தது கொக்கெயின். அதைச் சொல்ல மாட்டீர்களே!

சரி, ஒன்று கேட்கிறேன். தொண்ணூறுகளில் எங்கள் பொடியள் ஸ்காபரோவில் பிடிபட்டார்கள். யுத்தத்தில் செல் விழுந்த ஊரிலிருந்து வந்த பிள்ளைகள், சிலருக்குத் தகப்பனும் இல்லை. அவர்களுடைய கதையை யார் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள்? ஒருவருக்கும் ஆறு மாதம் கிடைக்கவில்லை.

நிலா_ரொறன்ரோ

வீட்டு வாடகை கட்ட வழியில்லாமல், வெளியே தள்ளப்படும் நிலையில் கொண்டுவந்தார். அதை நீங்கள் சொல்ல மாட்டீர்களே!

எங்கள் பொடியளுக்குக் கிடைக்கவில்லை என்றால் அவர்களுக்கும் வேண்டும் என்று கேளுங்கள். கறுப்பினத்தவர் கேட்டார்கள். 2021இல் மொரிஸ் வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், இனவாதத்தால் வந்த பின்னணியையும் தண்டனை நேரத்தில் பார்க்கலாம் என்றது. நீங்கள் கேட்காமல், கேட்டு வாங்கியவர்களைப் பார்த்து வயிறெரிகிறீர்கள்.

இன்னும் பதில் வரவில்லை. உச்ச நீதிமன்றம் கிளாடுவின் தண்டனையைக் குறைத்ததா? ஓம் அல்லது இல்லை.

பழைய புரொக்டர்

வயிறெரிகிறேனா? இந்த வயதில் உங்களிடம் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. பதில் மூன்று தரம் சொல்லியாயிற்று. ஆறு மாதம்.

நிலா_ரொறன்ரோ

பகல் பரோல்.

குமரன்

அப்போ அரசாங்க உத்தியோகமா, இல்லையா?

செல்வி_மார்க்கம்

அண்ணை, மண்டப வாடகை ரசீதையாவது போடுங்கள்.