மே மாசம் லேக் டிஸ்ட்ரிக்ட்: சென்னையில் ஓட்டிய கை அங்கே போதுமா?

மாடவீதி_மயிலை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் குடும்பத்தோடு இங்கிலாந்தின் ஏரி, மலைப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் போகிறோம், ஐந்து நாள். நான், மனைவி, 9 வயசுப் பையன், அப்பா 68, அம்மா 64. காலையில் மான்செஸ்டரில் இறங்கி, ஏர்போர்ட்டிலேயே வாடகைக் கார் எடுத்து, நேரே ஆம்பிள்சைடில் பிடித்திருக்கும் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். பதினைந்து வருஷமாக மேனுவல் வண்டி ஓட்டுகிறேன். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் ஓட்டியாச்சு. அங்கேயும் இடதுபக்கம்தான் என்பதால் பயமில்லை.

தமிழ்நாடு லைசென்ஸ் மட்டும் போதுமா? எந்த அளவு வண்டி எடுக்கலாம்? இரண்டாம் நாள் ரைனோஸ், ஹார்ட்நாட் கணவாய்கள், மூன்றாம் நாள் ஸ்காஃபெல் பைக் சிகரம் என்று போட்டிருக்கிறேன், சரிவருமா? அப்பாவுக்கு முட்டி வலி உண்டு. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார்.

நங்கநல்லூர்_61:

முதலில் தேதியைப் பாருங்கள். மே மாதத்தின் கடைசித் திங்கள் அங்கே பொது விடுமுறை. அதை ஒட்டிய வாரம் பள்ளிக்கூடங்களுக்கும் லீவு. விண்டர்மியர், ஆம்பிள்சைடு பக்கம் கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் பத்து நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா வருபவர் இந்திய லைசென்ஸை வைத்தே, அந்த நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கார் ஓட்டலாம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் சில வாடகை நிறுவனங்கள் தங்கள் விதிப்படி சர்வதேச டிரைவிங் பர்மிட்டும் கேட்கும். ராத்திரி முழுக்கப் பறந்து வந்து கவுன்ட்டரில் சட்டம் பேசிப் பயனில்லை, வாங்கிக்கொண்டே போங்கள். பரிவாஹன் தளத்தில் படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா நகல், கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருஷம் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸ் கார்டும் கையில் இருக்க வேண்டும். டெபாசிட் பிடிக்க, ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். மனைவி கார்டைக் காட்டினால் வண்டி தர மாட்டார்கள்.

இன்ஷூரன்ஸில் ஒன்றைக் கட்டாயம் படியுங்கள். அடிப்படைக் காப்பில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் பெரும்பாலும் சேராது. கிராமத்துச் சாலையில் அடிபடுவது இந்த மூன்றும்தான்.

வண்டி: ஐந்து பேர் உட்காரும் சின்ன எஸ்யூவி போதும், ஏழு சீட்டர் வேண்டாம். அகலம் கூடக்கூட கல்சுவருக்கு நடுவே கஷ்டம். மேனுவல் கை பழகியிருந்தாலும் ஆட்டோமேட்டிக்கே கேளுங்கள், கவனம் முழுக்க ரோட்டில் இருக்கும். அங்கே சாதாரணமாகத் தருவது மேனுவல், அதனால் புக் செய்யும்போதே ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிட வேண்டும். 12 வயசு ஆகும்வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை, குழந்தைகளுக்கு பூஸ்டர் சீட் கட்டாயம். பையனின் உயரத்தை இப்போதே அளந்து வையுங்கள்.

இறங்கிய அன்றே ஓட்டாதீர்கள். தூக்கமில்லாத கண்ணோடு மோட்டார்வேயில் முதல் நாளே போவது நல்லதில்லை. ஏர்போர்ட் பக்கம் ஓர் இரவு தூங்கி, மறுநாள் காலை வண்டி எடுங்கள். எம்56 பிடித்து, எம்6-ல் வடக்கே ஏறி, 36-வது ஜங்ஷனில் இறங்கி, ஏ590, பிறகு ஏ591. எண்பது மைலுக்குச் சற்று மேல், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார்வேயில் இடது லேனில் ஓட்டி, முந்த மட்டும் வலப்பக்கம் போய், முந்தியதும் திரும்பி வந்துவிட வேண்டும். இடப்பக்கமாக முந்துகிற நம்மூர் வழக்கத்தை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வேகமெல்லாம் மைலில். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் குறுக்குக்கோடு இருந்தால், இருவழிச் சாலையில் கார் 60 வரை போகலாம், அதாவது 96 கி.மீ. ஒரு வண்டி மட்டுமே போகிற சந்துக்கும் அதே பலகைதான் நிற்கும். அதைப் பார்த்து 60-ஐத் தொட நினைக்காதீர்கள், அங்கே 20, 25-தான் ஓட்ட முடியும்.

பெரம்பூர்_டு_பென்ரித்:

சார், இடதுபக்கம் என்பது பாதி ஆறுதல்தான். ரோட்டில் வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் பாஷை அங்கே வேறு. நன்றாக ஓட்டத் தெரிந்த சென்னைக்காரர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அண்ணா சாலையில் எதிரே வருபவர் ஹெட்லைட் அடித்தால் ‘நான் வர்றேன், நில்லு’ என்று அர்த்தம். அங்கே கிராமச் சாலையில் லைட் அடித்தால் பெரும்பாலும் ‘நான் நிற்கிறேன், நீங்க வாங்க’. இங்கத்து நினைப்பில் நீங்கள் லைட் அடித்துவிட்டுப் போனால், அவரும் நன்றி சொல்லிக்கொண்டே கிளம்பி வருவார், இரண்டு வண்டியும் நடுவில் மூக்கோடு மூக்கு நிற்கும். அவர்களுடைய ஹைவே கோடு விதிகளின்படி லைட் அடிப்பதற்கு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதைத் தவிர வேறு அர்த்தமே இல்லை. அதனால் எதிரே இருப்பவர் அடித்தாலும், வண்டி நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகு நகருங்கள். நீங்களாக ஐந்து நாளும் அடிக்காமல் இருப்பதே நல்லது.

ஹாரனை மறைவான வளைவில் சின்னதாக ஒரு தடவை அடிக்கலாம். மற்ற இடத்தில் அடித்தால் திட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். மழை வந்தவுடன் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது கூடாது, பின்னால் வருபவர் உங்கள் வண்டி பழுதாகி நிற்கிறது என்று நினைப்பார். பின்பக்க ஃபாக் லைட் 100 மீட்டருக்குள் கண் தெரியாதபோது மட்டும், தெளிந்ததும் அணைத்துவிட வேண்டும். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு முழுசாக வழி விடுங்கள். மூக்கை நுழைத்தால் நிறுத்துவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள், நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பி பிரேக்கில் கால் வைக்காமலே வருவார்கள்.

இனி ஒற்றைத்தடச் சாலை. ஒரு வண்டி அகலம்தான், அங்கங்கே ஒதுங்குவதற்குப் புடைத்த மாதிரி இடம் இருக்கும், அதுதான் பாஸிங் பிளேஸ். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போய்ப் புகாதீர்கள், அதற்கு நேரெதிரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் அதற்குள் போய் உங்களைச் சுற்றிக்கொண்டு போவார். இருவரும் அவரவர் இடதை விடாமல் இருப்பதால்தான் இது குழப்பமில்லாமல் நடக்கிறது. மேட்டில் ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும், அது நம்ம மலைப்பாதை விதியேதான். நடுவில் சந்தித்துக்கொண்டால், யாருக்குப் பின்னால் ஒதுங்கிடம் பக்கமோ அவர் ரிவர்ஸ் எடுப்பார். அதனால் ஒவ்வொரு ஒதுங்கிடத்தையும் கடக்கும்போது மனசில் குறித்துக்கொண்டே போங்கள். போவதற்கு முன் ஒரு காலி மைதானத்தில் ஐம்பது மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்கள், கண்ணாடியை மட்டும் பார்த்து. நம்மூரில் நேராக நீண்ட தூரம் ரிவர்ஸ் எடுக்கும் தேவையே வருவதில்லை, கை திணறும்.

புல் ஓரத்தில் இடது சக்கரத்தை ஏற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். புல்லுக்கு அடியில் வாய்க்காலோ, கல்லோ, சேறோ இருக்கும். ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு போட்டோ எடுக்கப் போவதும் கூடாது.

ஹார்ட்நாட்டை எடுத்துவிடுங்கள். உயரம் 393 மீட்டர்தான், ஆனால் சில இடத்தில் மூன்றுக்கு ஒன்று, அதாவது 33 சதவீதம் ஏற்றம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் இந்தச் சாய்வு கிடையாது. அத்தனை செங்குத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும். முன்சக்கரம் இழுக்கிற காரில் ஐந்து பேரும் லக்கேஜும் இருந்தால், ஈர ரோட்டில் முன்சக்கரம் பிடிமானம் இழந்து சுழலும். அந்த நேரம் எதிரே ஒரு வண்டி வந்து நின்று, மீண்டும் ஏற்றத்தில் கிளப்ப வேண்டி வந்தால் மேனுவலில் கிளட்ச் கருகும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஆட்டோமேட்டிக்கில் ‘எல்’ என்ற குறைந்த கியர் அல்லது மேனுவல் முறையில் 1, 2-ல் போட்டு இறக்க வேண்டும்.

அதே மாதிரி மலைக்காட்சி வேண்டுமென்றால் கிர்க்ஸ்டோன் கணவாய் போங்கள். 454 மீட்டர், ஹார்ட்நாட்டைவிட உயரம், ஆனால் இருவழிச் சாலை. ஆம்பிள்சைடிலிருந்து நேரே ஏறும் குறுக்குவழிக்கு ‘ஸ்ட்ரகிள்’ என்றே பெயர், குறுகலும் செங்குத்தும். ஜிபிஎஸ் அதில்தான் அனுப்பும், கேட்காமல் விண்டர்மியர் பக்கம் வந்து ஏ592-ல் ஏறுங்கள்.

வேலி இல்லாத மலைச்சாலையில் செம்மறிகள் நடுரோட்டில் படுத்திருக்கும். மே மாதத்தில் குட்டிகளும் கூடவே. தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் என்றால் நின்றுவிடுங்கள், வண்டி நெருங்கியதும் குட்டி நிச்சயம் தாயிடம் குறுக்கே ஓடும். ஆடு, மாடு, குதிரை, நாய் அடிபட்டால் நிறுத்துவதும், உடையவர் கிடைக்காவிட்டால் போலீஸுக்குச் சொல்வதும் சட்டக் கடமை. குதிரையில் யாராவது போனால் 10 மைலுக்குள் குறைத்து, 2 மீட்டர் இடம் விட்டுக் கடங்கள்.

அண்ணாநகர்_டவர்_நடை:

ரோட்டைப் பற்றி நண்பர் சொல்லிவிட்டார். நடையைப் பற்றி நான்.

ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர், இங்கிலாந்திலேயே உயரம். பர்வதமலை ஏறினவர்களுக்கு ஏற்றம் புதிதல்ல, ஆனால் அங்கே வழியெல்லாம் ஆள் நடமாட்டம் உண்டு. ஸ்காஃபெல் உச்சியில் உருண்டைக் கற்குவியல், மேகம் இறங்கினால் பாதையே தெரியாது. நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன விதி இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி. 9 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றே கால் மணிக்கு மேல். அது பழகிய ஆள் நிற்காமல் நடந்தால். பையனோடு போனால் இரட்டிப்பாக்குங்கள். தவிர ஆம்பிள்சைடிலிருந்து, ஸ்காஃபெல் ஏறும் வாஸ்டேல் பக்கப் பாதைக்குக் குறுக்குவழியே அந்த ஹார்ட்நாட்தான்.

பதிலுக்கு கேட்பெல்ஸ், 451 மீட்டர். பையனுக்கு அளவான மலை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கை ஊன்றி ஏறும் பாறை உண்டு, பல கால்கள் பட்டு வழவழத்துப் போனது, ஈரத்தில் வழுக்கும். அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் மிகக் குறைவு. கெஸ்விக்கில் காரை விட்டுவிட்டு, டெர்வென்ட்வாட்டர் ஏரியில் ஓடும் படகில் ஹாஸ் எண்டு துறையில் இறங்கி ஏறுங்கள். அப்பா, அம்மா அதே படகில் ஏரியைச் சுற்றி வரட்டும்.

அப்பாவுக்கு என்றே ஓர் இடம் டார்ன் ஹவ்ஸ். ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் கெட்டித்த பாதை, ஐந்து நாளில் ஒரு காலை முழுதையும் அதற்கு ஒதுக்கலாம்.

மழைக்குத் தயாராகப் போங்கள். அங்கே போரோடேல் பள்ளத்தாக்கில் உள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல். சென்னையின் 1,400-ல் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், அங்கே வருஷம் முழுக்கத் தூறும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே பாலியஸ்டர் டீஷர்ட், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் தையலில் டேப் ஒட்டிய மழை ஜெர்கின், மழை பேன்ட். குல்லாவும் கையுறையும் மே மாதத்திலும் பையில் இருக்கட்டும். உயரம் ஏற ஏற 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.65 டிகிரி குறையும், காற்று வேறு.

வரைபடம் கட்டாயம், பள்ளத்தாக்கில் போன் சிக்னல் போய்விடும். அந்நாட்டு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் கேட்பெல்ஸுக்கு ஓஎல்4, ஆம்பிள்சைடு, டார்ன் ஹவ்ஸுக்கு ஓஎல்7. பச்சைப் புள்ளிக்கோடு நடைபாதை. தரையில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பில் குதிரையும் சைக்கிளும் வரும். தனியார் வயலுக்குள் பாதை போகும், தயங்க வேண்டாம், அது பொதுமக்களின் வழியுரிமை. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டு வாருங்கள். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிப் போங்கள். நம்ம தெருமாடு மாதிரி சாதுவாக இருக்கும் என்று பையன் தடவப் போகக் கூடாது.

ஆபத்தென்றால் 999. முதலில் ‘போலீஸ்’ கேட்டு, அவர்களிடம் ‘மவுன்டன் ரெஸ்க்யூ’ என்று சொல்ல வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் நிமிஷத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு.

மாடவீதி_மயிலை:

மிக்க நன்றி. ஹார்ட்நாட், ஸ்காஃபெல் இரண்டையும் எடுத்துவிட்டேன், தேதியையும் முன்னால் மாற்றுகிறேன். பெட்ரோல், சாப்பாடு, பார்க்கிங் பற்றி யாராவது சொல்ல முடியுமா? அம்மா சைவம்.

மேற்கு_மாம்பலம்_மாடிவீடு:

தம்பி, சாப்பாட்டில் முக்கியமே நேரம்தான். கிராமத்து பப்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்கு அடுப்படியை மூடினால் பல இடத்தில் சாயந்திரம் ஆறுக்குத்தான் திறப்பார்கள். நடை முடிந்து மூன்று மணிக்குப் போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். ஞாயிறன்று பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஆறு மணி நேரத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். வீட்டில் அடுப்பு இருக்குமே, புளிக்காய்ச்சல் கொண்டு போனால் அம்மாவுக்குக் கவலையில்லை. நெய், பன்னீர், பால்கோவா எடுத்துப் போகாதீர்கள், இந்தியாவிலிருந்து பால் பொருளை அனுமதிப்பதில்லை.

பார்க்கிங்கில் மெஷினில் வண்டி நம்பரைத் தப்பாக அடித்தாலும் அபராதம் வரும். கேமரா நம்பரைப் படிக்கும் இடத்தில் அபராத ரசீது வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். சாவிக்கொத்தில் நம்பர் எழுதியிருக்கும், பார்த்து அடியுங்கள். சில்லறை கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் வேலை செய்யாது. வயல் கேட் முன்னால் நிறுத்தவே வேண்டாம், டிராக்டர் எந்த நேரமும் வரும்.

பெட்ரோல் நீங்களே போட்டுக்கொண்டு, பிறகு உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். பெட்ரோல் குழாய் மெல்லிசு, டீசல் வண்டியின் வாய்க்குள் தாராளமாகப் போய்விடும், அதனால் தப்பு பெரும்பாலும் டீசல் வண்டியில்தான் நடக்கிறது. வண்டியை வாங்கும்போதே டேங்க் மூடியைத் திறந்து என்ன எண்ணெய் என்று படித்து போனில் படம் எடுத்து வையுங்கள். ஒருவேளை மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யாதவரை டேங்கை மட்டும் காலி செய்தால் போதும், ஸ்டார்ட் செய்துவிட்டால் தப்பாகப் போட்ட எண்ணெய் வண்டியின் பம்ப், இன்ஜெக்டர் வரை போய்விடும். வண்டியை நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.