பேச்சுக்கு முன்பே வந்த அடி

ஹிப்-ஹாப் என்றால் மூச்சு விடாமல் பேசுவது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் வேலை பார்த்தபோது பிராங்ஸ் பகுதியில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் அறுபதைக் கடந்த டிஜே. முதல் நாள் மைக்கைத் தொடவே விடவில்லை. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்தார். பாட்டும் குழலும் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்துக்கு அடையாளமாகக் கிரேயானால் கோடு போட்டிருந்தார். இடது தட்டில் அந்த இடம் முடிகிற நொடியில் வலது தட்டை விட வேண்டும். அது ஓடும்போதே இடது தட்டைக் கோடு வரை பின்னுக்குச் சுற்ற வேண்டும். தட்டுக்கு அடியில் வழுக்கும் துணி ஒன்று கிடப்பதால், மேலே விரல் பிடித்தாலும் கீழே மோட்டார் நிற்பதில்லை. என் ஊசி ஐந்து முறை துள்ளி ஓடியது. ஆறாவது முறை அடி அறுபடாமல் தொடர்ந்தபோது, வாசலில் நின்ற பையன் தன்னையறியாமல் தலையாட்டினான்.

வரலாறெல்லாம் அதற்குப் பிறகுதான் பேசினார். ஜமைக்காவிலிருந்து 1967இல் வந்த டிஜே கூல் ஹெர்க், ஆடுகிறவர்கள் அந்தச் சில விநாடிகளுக்காகவே காத்திருப்பதைக் கவனித்து அவற்றை நீட்டினாராம். கோடு போட்டுத் துல்லியமாக்கியவர் இன்னொரு டிஜே, கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். மைக்கில் நண்பர்களின் பெயர்களைக் கூவிய பேச்சுதான் வளர்ந்து ராப் ஆனது.

* * *

மேலே எழுதியவர் உட்பட, ஹெர்க்கைச் சொல்கிற எல்லாரும் அவர் தங்கையை விட்டுவிடுகிறீர்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸின் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டிய விருந்தில்தான் ஹிப்-ஹாப் பிறந்தது என்பார்கள்; அதற்கு ஏற்பாடு செய்தவர் அந்தத் தங்கை, சிண்டி கேம்ப்பெல். பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று டிக்கெட் போட்டார். இடத்தைப் பார்க்க நானும் போனேன். விரைவுச்சாலையின் இரைச்சலுக்குப் பக்கத்தில் சாதாரண அடுக்குமாடி. வாசலை மறித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காய்கறிப் பையோடு வந்த பாட்டி, "வழி விடு தம்பி" என்பதுபோல் கையசைத்து உள்ளே போனார். ஆட்கள் குடியிருக்கும் வீட்டை அருங்காட்சியகம் என்று நினைத்துப் போனது என் தவறுதான்.

* * *

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். 2006இல் எங்கள் ஊர் ராப் பாடகர்களான யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது நான் படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். தமிழில் இப்படியும் பேசலாம் என்பதே எங்களுக்குப் பெரிய செய்தி. வகுப்பில் பாதிப் பேர் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எதுகை தேடத் தொடங்கிவிட்டோம். என்னுடையவை படுமோசம்.

வீட்டில் தாத்தாவுக்குப் பயந்து மெதுவாக வைத்துத்தான் கேட்பேன். ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். திருவிழாக்களில் உறுமி வாசித்தவர். ஒரு நாள் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார். திட்டு விழப்போகிறது என்று நிறுத்தப் போனேன். "இவன் பேசுவது பாதி புரியவில்லை. நடுவில் வெறும் அடி வந்ததே, அதை மட்டும் இன்னொரு தடவை போடு" என்றார். பின்னோக்கும் பொத்தானை அழுத்தினேன். கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. "இல்லை, அதற்கு அப்புறம்" என்று மேசையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார்.