பகலில் கட்டட வரைபடம், இரவில் மரச்செதுக்கு: ரெண்டையும் எப்படிக் கொண்டுபோகிறீர்கள்?

வி_உளி (செவ்வாய், இரவு 11:40)

வணக்கம். சென்னையில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 31. பெரும்பாலும் வீடுகள், நடுவில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம். கூடவே மரச்செதுக்கு அச்சும் செய்கிறேன். கல்லூரி மூன்றாம் வருடத்தில் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை. பலகைக்குக் காசு செலவில்லை. சைட்டில் கழித்துப் போடும் பிளைவுட் துண்டுதான். ஆசாரியிடம் கேட்டால், "எடுத்துக்கோம்மா, அடுப்புக்குத்தானே போகப்போவுது" என்பார்.

நான் செதுக்குவது எல்லாமே ஒரே விஷயம்: கான்கிரீட் தளம் போட்ட பிறகு, அது இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் சவுக்குக் கம்புக் காடு. பெரிய ஹால் என்றால் 14 நாள் நிற்கும், அப்புறம் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்காரர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். எனக்கு அந்த வீட்டிலேயே அழகான நாட்கள் அவைதான்.

பிரச்சனைக்கு வருகிறேன். வொர்க்கிங் டிராயிங் (சைட்டில் பார்த்துக் கட்டுவதற்கான வரைபடம்) வெளியே போகும் வாரங்களில் வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு உளியை எடுத்தால் கை ஓடுவதில்லை. பொங்கலுக்கு ஆரம்பித்த பலகை பாதியில் கட்டிலடியில் கிடக்கிறது. முடித்தவையும் திருப்தியாக இல்லை. ஓவியம் படித்த ஒரு தோழி பார்த்துவிட்டு, "இது படமா, எலிவேஷனா?" (கட்டடத்தின் முகப்பு வரைபடமா) என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் மூன்று நாள் தூக்கம் போனது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு குழுக் கண்காட்சியில் நான்கு அச்சுகள் வைத்தேன். பிரேம் ஒன்றுக்கு 1,100, ஆக 4,400. இரண்டு விற்றன, தலா 3,500. கேலரிக்கு 40 சதவீதம் போக என் கைக்கு வந்தது 4,200. அதாவது இரண்டு படம் விற்று 200 ரூபாய் நஷ்டம். அம்மா கேட்டுவிட்டு, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்றார்.

இன்னொன்று: வேலையில் சேரும்போது போட்ட ஒப்பந்தத்தில், நான் வரைவதெல்லாம் அலுவலகத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி இருக்கிறது. என் அச்சுகளும் அதில் வருமா? இரண்டையும் செய்கிறவர்கள் யாராவது உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். வேலையை விடச் சொல்லாதீர்கள், வீட்டு வாடகை இருக்கிறது.

பட்டர்பேப்பர் (புதன், காலை 6:52)

அம்மா, நான் கோயம்புத்தூர். 26 வருடமாகச் சொந்த ப்ராக்டிஸ், கூடவே வாட்டர்கலர்.

முதல் எட்டு வருடம் நானும் ராத்திரியில்தான் போட்டேன். அதில் வைத்துக்கொள்ளும்படி இரண்டே படம். களைப்புதான் காரணம் என்று நினைத்திருந்தேன், இல்லை. நாள் முழுக்க நாம் என்ன செய்கிறோம்? லிண்டல் மட்டம் சேருகிறதா, அளவு விட்டுப்போயிருக்கிறதா, படிக்கட்டில் தலை இடிக்குமா என்று குறை தேடுகிறோம். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தக் கண் நன்றாகத் தீட்டின அரிவாள் மாதிரி இருக்கும். அதோடு போய்ப் படத்தின் முன்னால் உட்கார்ந்தால், முளைத்த நாலு இலையையும் அறுத்துப் போட்டுவிடும்.

அதனால் காலைக்கு மாறினேன். ஐந்திலிருந்து ஏழு வரை. போனை அடுக்களையில் அரிசி டின் மேல் வைத்துவிடுவேன், மேஸ்திரி கூப்பிட்டாலும் ஏழுக்கு மேல்தான். பெரிய ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியேவும் இப்படித்தான். பாரிஸில் காலையெல்லாம் வீட்டோடு இருந்த ஸ்டுடியோவில் ஓவியம், மதியத்துக்கு மேல்தான் அலுவலகம். சண்டிகரில் அவர் வடிவமைத்த சட்டமன்றத்தின் எனாமல் கதவும் உயர்நீதிமன்றத்தின் திரைச்சீலைகளும் அந்தக் காலை நேரத்துக் கையிலிருந்து வந்தவை என்றே எனக்குத் தோன்றும்.

ஒரு கேள்வி. பலகையில் படத்தை எப்படி ஏற்றுகிறீர்கள்? நேராகச் செதுக்குகிறீர்களா, வரைந்துகொண்டா?

வி_உளி (புதன், மதியம் 1:15)

ஐயா, சொல்ல வெட்கமாக இருக்கிறது. சைட்டில் போட்டோ எடுப்பேன். அதை ஆட்டோகேடில் (அலுவலகத்தில் வரைபடம் போடும் மென்பொருள்) இறக்கி மேலே கோடு போடுவேன். அச்சில் இடம் வலம் மாறும் என்பதால் மிரர் கட்டளை கொடுத்து, காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, கார்பன் வைத்துப் பலகையில் ஏற்றுவேன். கம்புகள் எல்லாம் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராக வந்துவிடும்.

எழுதும்போதே தெரிகிறது. தோழி சொன்னது சரிதான்.

பட்டர்பேப்பர் (புதன், மதியம் 1:31)

அப்படிப் போடு. அலுவலகத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது நீங்களேதான். அடுத்த பலகையை சைட்டுக்கே எடுத்துப்போய், கம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கரியால் நேராகப் பலகையிலேயே வரையுங்கள். இடம் வலம் மாறினால் மாறட்டும்.

கொழும்பு_ஓடு (புதன், இரவு 8:20)

வணக்கம் தங்கச்சி. நான் கொழும்பில் ஆர்க்கிடெக்ட். ஐயா சொன்னது நல்லதுதான், ஆனால் இரண்டையும் வேலி போட்டுப் பிரிக்கத்தான் வேண்டுமா என்று எனக்கொரு கேள்வி.

எங்கட ஆட்களில் லக்கி சேனநாயக்கவைப் பாருங்கோ. ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர். அந்த அலுவலக வரைபடங்களில் ஒவ்வொரு மரமும் இன்ன மரம் என்று இலை பார்த்துச் சொல்லும்படி நிற்கும். அந்தக் கையே பிறகு சிற்பமாகியது. காலியில் லைட்ஹவுஸ் ஹோட்டல் படிக்கட்டைச் சுற்றி ஏறுகிற போர்க்களம், கந்தலாமா ஹோட்டலில் படிக்கட்டுக்கு மேல் சிறகு விரிக்கிற ஆந்தை, இரண்டும் அவருடையது. 1979 இலங்கை ரூபாய் நோட்டுகளில் இருக்கிற பறவையும் பூவும்கூட. பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைக்கு எனா டி சில்வா பாத்திக் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற துணி) செய்தார். அங்கே கலை என்பது கட்டி முடித்த சுவரில் கொண்டுவந்து மாட்டுகிற சாமான் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேணும். நான் ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் வீட்டு முற்றத்துச் சுவரில் 11 நாள் நின்று சுவரோவியம் செய்தேன். காசு கேட்கக் கூச்சம், "என்ட அன்பளிப்பு" என்றேன். மூன்று வருடம் கழித்துப் போனால் வெள்ளை எமல்ஷன் அடித்திருக்கினம். கோபமே இல்லாமல், "ஊத்தை பிடிச்சுது" என்றார்கள். இப்போது மதிப்பீட்டில் ஓடு, கதவு, குழாய் என்று வருகிற வரிசையிலேயே கலைவேலைக்கும் ஒரு வரி போட்டு விலை குறிக்கிறேன். காசு கொடுத்து வாங்கியதை ஆட்கள் வடிவாகத் துடைத்து வைத்திருக்கினம்.

சுண்ணாம்புக்காரி (வியாழன், காலை 10:05)

ஐந்து மணிக்கு எழுந்தால் நான் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், ஐயா. கார்பூசியே வீட்டில் அவர் படம் போட்டபோது சமையல் யார் செய்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. சரி, அது இருக்கட்டும்.

தங்கையின் ஒப்பந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் வக்கீல் இல்லை, இதே சிக்கலில் மாட்டி வக்கீலிடம் போனவள். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ், அந்த வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதலாளிதான் முதல் உரிமையாளர். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மொட்டைமாடியில் செதுக்கிய பலகை அந்த வேலையின் பகுதி ஆகாது. ஆனால் உங்கள் ஒப்பந்த வரி சட்டத்தைவிட அகலமாக இருக்கலாம், அதை ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அலுவலக கம்ப்யூட்டரில் ஆட்டோகேடு திறந்து டிரேஸ் செய்வது வம்பை விலை கொடுத்து வாங்குவது. ஐயா சொன்ன கரி யோசனை சட்டப்படியும் நல்ல யோசனை! இன்னொன்று, கட்டடத்தைப் பார்த்து ஓவியமோ செதுக்கு அச்சோ செய்வது மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே கட்டடம் அலுவலகத்தின் டிசைன் என்பதற்காகப் பயப்பட வேண்டாம்.

என் கதை: நான் காரைக்குடி பக்கம். சுண்ணாம்புப் பூச்சும், ஆத்தங்குடிக் கல் என்கிற வண்ணத் தரை ஓடும்தான் என் கலை. முழுநேர வேலையை விட்டு வாரத்தில் நான்கு நாள் பிளான் அப்ரூவல், பழைய வீடு அளவெடுப்பு, மூன்று நாள் பட்டறை என்று வைத்துக்கொண்டேன். வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அதை மறைக்கவில்லை. பட்டறையில் கண்ணாடிமேல் தகர அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவோம். அச்சைத் தூக்கியதும் இரண்டு வண்ணமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் கலக்காமல் நிற்கும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே! அதற்குமேல் உலர்கலவையைத் தூவி மூடிவிட்டால், தண்ணீரில் ஊறி வெளியே வரும்வரை முகம் தெரியாது. பிளான் அப்ரூவலில் இந்தச் சுகம் கிடையாது. அது சோறு போடுகிறது.

1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய ஓவியர் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் செய்தது இதுதான். பாட்டிக், தோல், உலோகம் என்று கைவினை செய்து விற்றார்கள், அந்தக் காசில் ஓவியம் செய்தார்கள். ஓவியத்தின் தலையில் வாடகையை ஏற்றவில்லை. உங்கள் 200 ரூபாய் நஷ்டத்தை அப்படிப் பாருங்கள். ஆனால் அடுத்த முறை நான்கையும் பிரேம் போடாதீர்கள். ஒன்றைப் போட்டு மாட்டிவிட்டு, மற்றவற்றை வெறும் காகிதமாக உறையில் வையுங்கள். அச்சு வாங்குகிறவர்களுக்கு அது பழக்கம்தான்.

பின்னாளில் தனியாகப் போனால், ஃபீஸும் படம் விற்ற பணமும் ஒரே பான் எண்ணில் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி வரம்பு பார்ப்பார்கள், நம் தொழிலுக்கு 20 லட்சம். என்னை யாரும் எச்சரிக்கவில்லை. ஆர்க்கிடெக்ட் கவுன்சில் பதிவையும் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

வி_உளி (திங்கள், இரவு 9:48)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சைட்டில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. ஹால் தளம் போட்டு ஒன்பதாம் நாள். கம்புகளுக்கு நடுவில் சிமெண்ட் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, கரியால் நேராகப் பலகையில் வரைந்தேன். முதல் அரைமணி நேரம் கை தானாக ஸ்கேலைத் தேடியது. கம்புகள் நேராகவே இல்லை என்பதை ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்று நடுவில் வளைந்திருக்கிறது, ஒன்றின் அடியில் உயரம் பற்றாமல் இரண்டு செங்கலும் ஒரு ஆப்பும். மேல்தோல் பாதி உரிந்து தொங்குகிறது.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து (ஐந்து முடியவில்லை, ஐயா) செதுக்கி, மை உருட்டி, கரண்டியின் முதுகால் தேய்த்து ஒரு சோதனைப் பிரதி எடுத்தேன். பிளைவுட் மேல்தோல் இரண்டு இடத்தில் பிய்ந்துவிட்டது. கம்புகள் எல்லாம் வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன, தளம் எந்த நிமிடமும் உட்கார்ந்துவிடும் போல இருக்கிறது. எங்கள் இன்ஜினியர் பார்த்தால் மயங்கி விழுவார். தோழிக்கு அனுப்பினேன். "எங்க இருக்கு இது?" என்று கேட்டாள்.

பத்துப் பிரதி எடுக்கப்போகிறேன்.

பட்டர்பேப்பர் (செவ்வாய், காலை 7:04)

மூன்றாவது பிரதி எனக்கு. பணம் அனுப்புகிறேன், பிரேம் போடாமல் அனுப்புங்கள்.