புதுப்பிப்பு: கடினமான மூச்சுவழிக்கு எந்த லாரிங்கோஸ்கோப்?

மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் செலுத்தக் கடினமான மூச்சுவழி என்று முன்பே தெரிந்தால், அதிக வளைவுள்ள பிளேடு (நாக்கை விலக்கும் தகடு) கொண்ட வீடியோ லாரிங்கோஸ்கோப்பையே (குரல்வளையைக் கேமரா வழியே திரையில் காட்டும் கருவி) முதலில் எடுக்க வேண்டும் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன்; அதில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டியிருக்கிறது.

வீடியோ கருவியே மேல் என்பதில் மாற்றமில்லை. அமெரிக்காவில் அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,417 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான 'டிவைஸ்' ஆய்வில், முதல் முயற்சியிலேயே குழாய் பொருத்த முடிந்தது வீடியோ கருவியால் 85.1 சதவீதம் பேருக்கு, கண்ணால் நேராகப் பார்க்கும் நேரடிக் கருவியால் 70.8 சதவீதம் பேருக்கு.

ஆனால் திரையில் குரல்வளை தெரிவது வேறு, குழாய் உள்ளே போவது வேறு. சென்ற வாரம், கழுத்தை அசைக்க முடியாத ஒரு நோயாளிக்குக் குரல் நாண்கள் முழுவதும் தெரிந்தும், குழாயின் நுனி இருமுறை இடித்து நின்றது. குழாய்க்குள் இருக்கும் வளைக்கக்கூடிய கம்பியான ஸ்டைலட்டைப் பிளேடின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, பார்வை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று பிளேடைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, நுனி நாண்களைத் தொட்டதும் ஸ்டைலட்டைச் சிறிது உருவிய பிறகே குழாய் இறங்கியது. குழாயை வாய்க்குள் நுழைக்கும்போது கண் திரையில் அல்ல, வாயில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அண்ணம் கிழியலாம்.

இரத்தமோ வாந்தியோ கேமராவை மறைக்கக்கூடிய நோயாளிக்கு, நேராகவும் பார்க்க இடம்தரும், வளைவு குறைந்த மெக்கிண்டோஷ் வடிவ வீடியோ பிளேடையும், குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய நீண்ட தண்டான பூஜியையும் இப்போது முதலில் எடுத்து வைக்கிறேன்.